கோயில் மின்சீரமைப்புத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

நம் அம்மன் கோயிலின் மின்சீரமைப்புத் திருப்பணி அம்மன் அருளாலும் உங்கள் நன்கொடையாலும் நிறைவேறியது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது; உறுப்பினர் யாரும் வந்து பார்க்கலாம். கோபுரத்துக்கு வண்ணம் பூசாமல் மண்ணுக்குள் கேபிள் புதைக்கவா பணம் கொடுத்தோம் என்று சிலர் கேட்டார்கள். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அவர்களுக்குத்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியதில், தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து சேற்றில் நின்று வேலை செய்தும், உள்ளடங்கிய கிராமங்களுக்கு வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. நம் பக்கத்தில் கம்பங்களைச் சாய்த்தது காற்று மட்டுமன்று. தென்னை விழுந்து கம்பியை இழுத்தது, கம்பி அடுத்தடுத்த கம்பங்களை இழுத்தது. தரையோடு ஒடிந்து, உள்ளிருந்த எஃகுக் கம்பிகள் துருத்திக்கொண்டு கிடந்த கான்கிரீட் கம்பங்களை யாரும் மறந்திருக்க முடியாது.

கோயிலுக்கு மின்சாரம் வந்த வழியும் தென்னந்தோப்பின் ஊடேதான். அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, எஃகு உறையிட்ட கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்கி மூடியிருக்கிறோம். புதைத்த கேபிளில் பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆகவே வழிநெடுக அடையாளக் கல் நட்டிருக்கிறோம். திருவிழாப் பந்தலுக்குக் குழி தோண்டுபவர்கள் தயவுசெய்து கல்லைப் பார்த்துத் தோண்டவும்.

மடைப்பள்ளிச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த மெயின் போர்டு இப்போது தலை உயரத்தில் இருக்கிறது. கோபுர இடிதாங்கிக்குப் புதிய செப்புப் பட்டை இறக்கி, தனி எர்த் குழியில் சேர்த்தாயிற்று.

ஜெனரேட்டருக்குச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் எதற்கு, வீண் செலவு என்றார்கள். வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் அந்தச் சுவிட்ச் இல்லாமல் ஓட்டினால் மின்சாரம் வெளி லைனுக்குத் திரும்பிப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரின் கதி என்ன ஆகும்? குழு இந்தச் செலவில் மட்டும் பேரம் பேசவில்லை. இனிப் புயல் நாளில் கருவறை விளக்கும், மண்டபத்தில் தங்குவோருக்கான குடிநீர் மோட்டாரும் ஜெனரேட்டரில் ஓடும்.

மதிலுக்கு வெளியே உயரழுத்த லைன் இன்னும் தோப்புகளுக்கு நடுவில்தான் போகிறது. அது அறுந்தால் நம் புதுக் கேபிளிலும் மின்சாரம் இராது. லைனை ஒட்டிச் சாய்ந்து நிற்கும் தென்னைகளை அகற்ற, தோப்பு வைத்திருக்கும் உறுப்பினர்கள் புரட்டாசிக்குள் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். காய்க்கிற மரமாயிற்றே என்று தயங்குபவர்களைக் குழுவினர் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு