தெரிந்த விடையைத் தெரியாத மாதிரி சொல்வது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள தயாளா,

நலம். நீயும் சாந்தியும் அப்படியே என்று நினைக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு நான் எழுதவே இல்லை என்று நீ திட்டுவதற்கு முன் நானே திட்டிக்கொண்டேன், அதோடு விடு. தேசிங்குக்கு இரண்டாவது கண்ணும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது கேரம் போர்டில் எவன் விரலை நகர்த்தினாலும் கண்டுபிடித்துவிடுகிறான், அதனால் அவனோடு ஆட ஆளில்லை. பாய் கடையில் டீ விலை ஏறிவிட்டது, கிளாஸ் சின்னதாகிவிட்டது. வேறு செய்தி இல்லை.

இருப்பது ஒன்றுதான். நம் விஜயா பையன் பிரவீனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

மார்க் இல்லாமல் இல்லை. எழுத்துத் தேர்வு தாண்டி, கம்ப்யூட்டர் கேள்வியெல்லாம் தாண்டி, கடைசி ரவுண்டு வரை போனான். அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார்: ராத்திரி நேரம், ஒரு பழைய பாலம், நாலு பேர், ஒரே ஒரு டார்ச். ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் நடக்கலாம், டார்ச் இல்லாமல் நடக்க முடியாது. ஒருவனுக்கு 1 நிமிடம், அடுத்தவனுக்கு 2, அடுத்தவனுக்கு 5, கடைசி ஆளுக்கு 10. சேர்ந்து போனால் மெதுவானவன் வேகம்தான். எல்லாரும் அக்கரை சேர எத்தனை நிமிடம்? நம்ம பையன் கேள்வி முடிவதற்குள் "17" என்றிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, "படிச்சிட்டு வந்துட்டீங்க போல" என்று பேப்பரை மூடிவிட்டார். அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. விடை தெரியாவிட்டால் லாஜிக் இல்லை, தெரிந்தால் படித்துவிட்டு வந்தவன். அப்புறம் இவர்களுக்கு யார்தான் வேண்டும்?

விஜயா ஒரு வழி கண்டுபிடித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வீட்டில் ஒத்திகை நடக்கிறது. மாப்பிள்ளை லுங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரி மாதிரி கேட்கிறார். பிரவீன் எதிரே ஸ்டூலில். கேட்டதும் சொல்லக் கூடாதாம். மேலே ஃபேனைப் பார்க்க வேண்டும், பேப்பரில் இரண்டு கோடு கிழிக்க வேண்டும், "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் 17. "நெத்தியைச் சுருக்குடா, இன்னும் சுருக்கு" என்று சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சொல்கிறாள் தாய். கணக்கு தெரிந்த பிள்ளைக்கு நடிப்புப் பயிற்சி! சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

உன் வீட்டு மொட்டை மாடியில் புலி, ஆடு, புல்லுக்கட்டைப் பரிசலில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோமே, அப்போது ஒரே சட்டம்தான்: தெரிந்தவன் வாயை மூடு. அந்தப் புதிரின் வயது தெரியுமா? ஆயிரத்துக்கும் மேல். ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று ஐரோப்பாவில் பழைய சுவடியிலேயே இருக்கிறது, யார்க் ஊர் அல்குவின் எழுதியது என்பார்கள். விடையின் உயிர் ஒன்றுதான், அக்கரையில் விட்ட ஆட்டைத் திரும்பவும் இக்கரைக்குக் கொண்டு வருவது. முன்னே போகப் பின்னே வர வேண்டும் என்பது நம் கோணவாயனுக்கு ஏறவே இல்லை, அன்றைய சுண்டல் காசு முழுக்க அவன் தலையில். யாரையும் வடிகட்டவா அதைக் கேட்டோம்?

சரி, பையனை நான் எடுத்துக்கொண்டேன். "17 எப்படி வந்தது சொல்" என்றேன். ஒப்பித்தான். 1-ம் 2-ம் போகிறார்கள், 1 திரும்புகிறான், 5-ம் 10-ம் போகிறார்கள், 2 திரும்புகிறான், கடைசியில் 1-ம் 2-ம். 2, 1, 10, 2, 2; கூட்டினால் 17. சூட்சுமம், மெதுவான இரண்டு பேரையும் ஒரே நடையில் அனுப்புவது. சரியாகத்தான் சொன்னான். "2 நிமிட ஆளை 4 நிமிட ஆளாக மாற்று" என்றேன். அதே சூட்சுமத்தைப் போட்டு 23 என்றான், முகத்தில் அவ்வளவு பெருமை. 21-லேயே முடியும் என்றேன்.

பயல் ஃபேனைப் பார்த்தான் பார், அது நடிப்பில்லை.

விடை எளிது. 1 நிமிடக்காரனே ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பட்டும். 10, 1, 5, 1, 4, ஆக 21. அந்தப் பிரபலமான தந்திரத்தில் 5 நிமிட ஆள் 10-க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான், அது லாபம். ஆனால் அதற்காக இரண்டாவது ஆள் ஒரு தடவை கூடுதலாகத் திரும்பி வந்து மறுபடி போக வேண்டியிருக்கிறது, அது செலவு. இரண்டாவது ஆளின் நேரத்தை இரட்டிப்பாக்கு. முதல் ஆளையும் மூன்றாவது ஆளையும் கூட்டு. முதல் கணக்கில் 4-க்கு எதிரே 6, தந்திரம் ஜெயிக்கிறது. என் கணக்கில் 8-க்கு எதிரே 6, தோற்கிறது. இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணி, "மாமா, 3 நிமிஷம்னு வச்சா ரெண்டு வழியும் 20" என்றான். தூக்கம் கலைந்த உன் தங்கச்சி இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். எனக்கு இனித்தது.

அதற்கு மேல் அவன் என்னை விடவில்லை. மூன்று சுவிட்ச், பக்கத்து அறையில் ஒரு பல்பு, ஒரே தடவைதான் உள்ளே போகலாம், பல்புக்கு எந்த சுவிட்ச் என்பாயே, அதை எடுத்தேன். ஒன்றைக் கொஞ்ச நேரம் போட்டு அணை, இன்னொன்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தொட்டுப் பார், எரிந்தால் இரண்டாவது, அணைந்து சுட்டால் முதலாவது, ஆறிக் கிடந்தால் மூன்றாவது. "எல்இடி பல்பு அந்த அளவுக்குச் சுடாதே மாமா" என்றான். குண்டு பல்போடு அந்த விடையும் ரிட்டயர்டு.

பிறகு மூன்று கதவு. ஒன்றின் பின்னால் கார், இரண்டில் ஆடு. நீ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய், எங்கே என்ன என்று தெரிந்த ஆட்ட நடத்துநர் மற்ற இரண்டில் ஆடு உள்ளதைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறாயா?" என்கிறார். மாற்றினால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. முதலில் தொட்டது சரியாக இருக்க மூன்றில் ஒரு பங்குதானே; மீதி எல்லாம் மாற்றுகிறவனுக்கு. 1990-ல் மர்லின் வோஸ் சவாந்த் என்ற அம்மாள் அமெரிக்கப் பத்திரிகையில் இதைச் சொன்னதற்கு ஏறக்குறைய 10,000 கடிதங்கள் வந்தனவாம், டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் உட்படப் பலர் அவருக்கே பாடம் எடுத்து! அவர் சொன்னதுதான் சரி. இதுவும் பிரவீனுக்கு மனப்பாடம். "நடத்துநருக்கே எதுவும் தெரியாது, கை தவறித் திறந்ததில் ஆடு வந்தது, இப்போது?" என்றேன். கண்ணுக்குத் தெரிவது அதே ஆடுதான், ஆனால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஏனென்றால் கை தவறியிருந்தால் மூன்றில் ஒரு தடவை காரே வெளியே வந்து ஆட்டம் அங்கேயே கலைந்திருக்கும். மிச்சத்தில் மாற்றுகிறவன், மாற்றாதவன் இருவர் பங்கும் சமம். எவர்சில்வர் டம்ளர் மூன்றைக் கவிழ்த்து, புளியங்கொட்டை வைத்து, ராத்திரி முழுக்க ஆடினோம். உன் தங்கச்சி மட்டும், "எனக்கு ஆடே போதும், பக்ரீத்துக்கு என்ன விலை போகுது தெரியுமா" என்று போய்ப் படுத்துவிட்டாள்.

ராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் வாத்தியார் உருவாக்கிய ராமானுஜன் மியூசியத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். ராமானுஜன் 1912-ல் நம் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர். 1914-ல் கேம்பிரிட்ஜில் அவருடைய நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டுகிறார்: தெருவில் ஒரு வீடு, அதற்கு இடப்பக்க எண்களின் கூட்டும் வலப்பக்க எண்களின் கூட்டும் சமம், வீடுகள் 50-க்கு மேல் 500-க்குள். ராமானுஜன் அடுப்பில் காய் கிளறியபடியே விடை சொன்னார். 288 வீட்டில் 204-ஆவது என்று மட்டுமல்ல, 8 வீட்டில் 6-ஆவது தொடங்கி முடிவே இல்லாமல் போகும் எல்லாத் தெருவுக்கும் சேர்த்து, பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரே தொடர்பின்னமாக. "இவரையும் அந்த ஆள் படிச்சிட்டு வந்துட்டீங்கன்னு அனுப்பியிருப்பார் மாமா" என்றான் பிரவீன்.

வரும் வழியில்தான் மிச்சத்தைச் சொன்னான். பேப்பரை மூடுவதற்கு முன் அவர் ஊர் கேட்டிருக்கிறார். வண்ணாரப்பேட்டை என்றதும், "ஓ, நார்த் மெட்ராஸா" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாராம். அதனால்தான் வேலை போனது என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அடுத்த விண்ணப்பத்தில் அத்தை வீட்டு அண்ணா நகர் விலாசத்தைப் போட்டிருக்கிறான். எனக்குப் பேச்சு வரவில்லை, தயாளா. எங்கப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கட்டின வீடு அது.

அடுத்த வாரம் பெருங்குடியில் இன்னொரு நேர்காணல். நான் அவனிடம் சொன்னது இது: பாலத்தைக் கேட்டால், "எனக்குத் தெரியும் சார், 17, 2-ஐ 4 ஆக்கினால் என்ன ஆகும் என்றும் சொல்லட்டுமா" என்று நேராகக் கேள். விலாசமும் நம் தெருவாகவே இருக்கட்டும். விஜயா குதிக்கிறாள், திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்களாம், நெற்றியைச் சுருக்குவதுதான் பத்திரமாம். மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஓசூரில் அத்தனை வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வந்த பையன்களிடம் எல்லாம் பதினேழு யானையை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு போடச் சொன்னவன் நீ. ஒருவன் உன் யானையை மாற்றிப் போட்டுத் திருப்பிக் கேட்டிருந்தால் வேலை கொடுத்திருப்பாயா, வெளியே அனுப்பியிருப்பாயா? உண்மையைச் சொல். செவ்வாய்க்கிழமைக்குள் வருகிற மாதிரி எழுது, விஜயாவிடம் காட்ட வேண்டும்.

உன்,
நடராஜன்