மியாசாகி ஐயாவுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஹயாவோ மியாசாகி ஐயா,

எங்கள் அம்மம்மா பழைய கதை சொல்லும்போது ஆண்டுக் கணக்கு வராது. "யப்பான்காரன் குண்டு போட்டதுக்கு முதல்", "குண்டு போட்ட பிறகு", அவ்வளவுதான். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு, 9 அன்று எங்கள் திருகோணமலை. குண்டு வீச வந்த விமானங்களுக்குக் காவலாகப் பறந்தவை ஸீரோ என்ற ஜப்பானியப் போர் விமானங்கள். அம்மம்மாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. உலையில் அரிசி போட்டிருந்தேன், அடுப்பை அணைக்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கன்னியா பக்கம் ஓடினேன் என்பார். வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டாராம். அந்தப் பிள்ளை என் பெரிய மாமா. உங்கள் வயதுதான் அவருக்கும்.

ஸீரோவை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியை நாயகனாக வைத்து நீங்கள் எடுத்த 'த விண்ட் ரைசஸ்' அனிமேஷன் படத்தைப் பல வருடம் நான் தொடவில்லை. சென்ற மாதம்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு, 2013இல் அந்தப் படத்தைச் சுற்றி எழுந்த கூச்சலையும் தேடிப் படித்தேன். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

படம் ஜூலை 20 அன்று வெளியானது. மறுநாள் உங்கள் நாட்டில் மேலவைத் தேர்தல். அதற்கு ஓரிரு நாள் முன்பு, உங்கள் ஜிப்லி ஸ்டுடியோவின் 'நெப்பூ' இதழில் நீங்கள் எழுதிய கட்டுரையை இணையத்திலும் போட்டார்கள். போரைக் கைவிடும், அரசியலமைப்பின் 9ஆவது பிரிவில் கை வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அரசியலமைப்பைத் திருத்துவதற்கான விதியையே தளர்த்தி, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஆக்கப் பார்த்த அன்றைய பிரதமர் அபே அரசின் யோசனையை மோசடி என்றீர்கள். ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களிடம் ஜப்பான் தெளிவாக மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தர வேண்டும் என்றும் எழுதினீர்கள்.

அவ்வளவுதான், இணையத்தில் உங்கள் மேல் பாய்ந்துவிட்டார்கள். ஜப்பான் விரோதி, துரோகி. அதே நாட்களில் தென்கொரியாவிலிருந்து நேர் எதிரான குற்றச்சாட்டு வந்தது: போர் விமானம் செய்தவனை அழகுபடுத்திக் காட்டுகிறார் என்று. (படத்தில் சிகரெட் அதிகம் என்று புகையிலைக்கு எதிரான ஒரு சங்கமும் புகார் எழுதியது. அதை விட்டுவிடலாம்.)

அப்போது பலரும் இரண்டு பக்கத்தையும் ஒரே தட்டில் வைத்தார்கள். இவர்களும் திட்டுகிறார்கள், அவர்களும் திட்டுகிறார்கள், அப்படியானால் மனிதர் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று உங்கள் ரசிகர்கள் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை ஐயா. உங்களைத் துரோகி என்றவர்களுக்கு நீங்கள் வாயைத் திறந்ததே பிடிக்கவில்லை. கொரியாக்காரர்கள் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை நீங்கள் தட்டிக்கழிக்கவில்லை. அதே மாதக் கடைசியில் கொரியச் செய்தியாளர்களை உங்கள் இடத்திலேயே சந்தித்தீர்கள். ராணுவத்தின் கோரிக்கைகளை எதிர்த்து நின்றவர் ஜிரோ, அந்தக் காலத்தில் வாழ்ந்ததற்காக மட்டும் அவர் மேல் பழி போட முடியுமா என்று கேட்டீர்கள். என்னால் உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியாத இடம் இதுதான்.

சாப்பாட்டில் வந்த மீன் முள்ளைக் குச்சியால் தூக்கிப் பிடித்து, அதன் வளைவில் ஜிரோ சொக்கிப்போகும் காட்சி இருக்கிறதே, அதில் நானும் சொக்கிப்போனேன். புது விமானத்தை மாடுகள் விமானத் திடலுக்கு மெதுவாக இழுத்துப்போகும் இடத்தில் அழுதேன். ஆனால் கதை 1930களின் நடுவிலேயே நின்று, ஒரே தாவலில் போர் முடிந்த பிறகு வரும் கனவுக்குப் போய்விடுகிறது. அந்தத் தாவலுக்குள்தான் சிறுமிகள் இருக்கிறார்கள். படிக்க வைக்கிறோம் என்று ஆசை காட்டிக் கொரியாவிலிருந்து கூட்டிவந்து, நகோயாவில் மிட்சுபிஷியின் விமானத் தொழிற்சாலையில் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய பிள்ளைகள். அவர்களில் சிலர் பாட்டிகளான பிறகும் வழக்கு நடத்தி, 2018 நவம்பரில் தென்கொரிய உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். 1923 நிலநடுக்கத்தை மண் அலையாக எழும்பும்படி வரைந்தீர்கள். அதையடுத்து வதந்தியை நம்பி ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றதும் அதே தெருக்களில்தான். படத்தில் அது இல்லை. அவர்களுடைய கோபத்தை நான் எப்படித் தவறு என்று சொல்வேன்?

இதை உங்களிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. உங்கள் குடும்பத் தொழிற்சாலையே ஸீரோவுக்கு உதிரிபாகம் செய்தது என்பதை நீங்கள் மறைத்ததில்லை. 1945 ஜூலையில் உட்சுனோமியா தீப்பற்றி எரிந்த இரவில், நான்கு வயதுப் பையனாக வண்டியில் தப்பியதைச் சொல்லியிருக்கிறீர்கள். குழந்தையைத் தூக்கிவந்த ஒருவர் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டும் வண்டி நிற்காமல் போனதையும், நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்லாமல் இருந்ததையும் இத்தனை வருடம் மனதில் வைத்திருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் மாட்டுவண்டிக்காரர் ஞாபகம்தான் வந்தது.

2003இல் ஆஸ்கர் விருது வாங்க நீங்கள் போகவில்லை. ஈராக்கில் குண்டு போடும் நாட்டுக்குப் போக மனமில்லை என்ற காரணத்தை 2009இல்தான் வெளியில் சொன்னீர்கள். அதுவரை சொல்ல வேண்டாம் என்று தயாரிப்பாளர் தடுத்திருந்தாராம். 2013இல் அப்படிக் காத்திருக்கவில்லை. படம் வரும் வாரத்திலேயே எழுதினீர்கள். வசூலும் போகவில்லை. அந்த ஆண்டு ஜப்பானில் அதிகம் ஓடிய படமே அதுதான். 2015இல் ஒகினாவாவின் ஹெனோகோவில் அமெரிக்க ராணுவத்தளம் கட்டுவதை எதிர்ப்பவர்களோடு நின்றீர்கள். அந்தப் பேச்சுக்கெல்லாம் என் நன்றி. படத்தில் விட்டுப்போனதை நான் விடாமல் கேட்பதும் அந்தப் பேச்சைக் கேட்டு வந்த துணிச்சலில்தான்.

கடைசிக் கனவில் ஸீரோக்கள் வெள்ளையாக மேலே போகின்றன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்கிறார் ஜிரோ. அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். பெரிய மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, அம்மம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது இதைப் பார்த்துத்தான் என்று காட்டப்போகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஒருத்தி