ஆடிக் காற்றில் ஒரு திரை

கீழக்கரை,
ஆகஸ்ட் 9

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காதுகுத்து என்று எழுதியிருந்தாய். தேதி குறித்ததும் சொல், வந்துவிடுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனி ராஜ்ஜியம் நடத்துகிறது.

ஊர் ஊராகத் திரை கட்டி மனித உரிமைப் படம் போட்டு எந்த உரிமை வந்தது என்று இந்த முறையும் குத்தியிருக்கிறாய். சொல்கிறேன், கேள்.

இதுவரை பெரும்பாலும் மீனவர் கைது, கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களைத் தீவுப் பக்கம் மறிப்பது என்றுதான் போட்டோம். விரலில் துணி சுற்றி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர்கள் திரையைப் பார்த்தே ஏசுவார்கள். எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வரும். தப்பு செய்தவன் யாரும் படம் பார்க்கிற கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருக்க மாட்டான், பார்.

இந்தத் தடவை ஆகஸ்ட் 6. உனக்கு மறந்திருக்காது. 2001-இல் அன்று விடியற்காலையில் ஏர்வாடி தர்கா பக்கம் இருந்த மனநோயாளிகள் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து எரிந்து, சங்கிலியோடு கிடந்த 28 பேர் கருகிப் போனார்கள். அதை ஒட்டி, கட்டிப்போடுவதைப் பற்றி ஒரு குறும்படம். வாலிநோக்கம் பக்கம் ஒரு குடியிருப்பில் போட்டோம்.

ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் ஓரம் திரை கட்டுவது புத்தியுள்ளவன் செய்கிற காரியமா? பாய்மரம் மாதிரி உப்பி, கம்போடு சாய்ந்துவிட்டது. ஒரு பெரியவர் வந்தார். "மேல மட்டும் கட்டுனா இது ஓடத்தான் பாக்கும்" என்று என் முடிச்சையெல்லாம் அவிழ்த்தார். அடி ஓரத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டார். அப்புறம் திரை லேசாக அசைந்ததோடு சரி.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வழக்கம்போல 2017 மனநலச் சட்டத்தை எடுத்தேன். எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சொல்லி முடிக்கவில்லை, பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார்.

"என் தம்பிய நாந்தான் கட்டிப் போட்டேன். கட்டலன்னா கடலுக்குள்ள எறங்கிருவான். விடிய விடிய முழிச்சிருந்தா காலையில கருவாட்டு வேலைக்கு யாரு போறது? உங்க சட்டம் வந்து ராத்திரி காவல் இருக்குமா?"

தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்களை மூடினார்கள் என்பதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? எங்கே கட்டுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். குனிந்து வலது கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். புண்ணாகக் கூடாதென்று பழைய சேலைத் துணியைச் சுற்றித்தான் கட்டுவாராம். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் கம்மியது.

அப்புறம் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒரு சின்னம்மா, ஒரு அண்ணன் மகன், வீட்டுக்கு ஒரு கதை. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மனநல டாக்டர் பார்க்கிற 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) ஏற்பாடு பக்கத்து ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. ஓதிப் பார்ப்பதை விட வேண்டாம், மாத்திரையும் போடலாம் என்றதும் அந்த அம்மா, "அப்ப ரெண்டும் பாப்போம்" என்றார்.

புதன்கிழமை அவரையும் தம்பியையும் அந்த டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். உன் மருமகள் கலெக்டர் ஆபீஸில்தானே இருக்கிறாள்? மாற்றுத்திறனாளி அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு உடனே எழுது. தம்பிக்கு ஆதாரே இல்லையாம்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்