துணுக்காயிலிருந்து ஒரு நன்றி மடல்

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் பக்கத்துச் சிறிய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள்களையும் பாடங்களையும் டப்லெட்டில் (கைக்கணினியில்) கொடுப்பதற்காக ஊரிலும் புலத்திலும் இருந்து உழைத்த உறவுகளுக்கு வணக்கம்.

முதல் நன்றி தட்டச்சுச் செய்தவர்களுக்கும் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும். கருவி வாங்கித் தந்தவர்கள் இதைக் குறையாக எடுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். டப்லெட்டைக் காசு கொடுத்து வாங்கலாம். தரம் 2 பிள்ளை நம்பி வாசிக்கக்கூடிய பிழையற்ற பயிற்சித்தாள் எந்தக் கடையிலும் இல்லை.

ஆசிரியர்கள் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த தாள்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத டப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கருவியிலும் தெரியும் யுனிகோட் ஆக்கினாலும் வேலை முடிவதில்லை. ‘ஔவையார்’ உடைந்து, ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனி எழுத்தாக ‘ஒளவையார்’ என்று வரும். காலுக்கு (‘ா’) பதில் ‘ர’ தட்டுப்பட்டிருந்தால் ‘பாடம்’ ‘பரடம்’ ஆகிவிடும். கண் இவற்றைத் தவறவிடும். ஆனால் தேடினால் சொல் அகப்படாது, வாசித்துக் காட்டும் செயலியும் பிழையாகவே உச்சரிக்கும். எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளை அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும். நீங்களோ வாய்விட்டு வாசித்து, மூலத்தாளின் படத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, இவற்றைப் பிடித்தீர்கள். ஒருவர் தட்ட, இன்னொருவர் பார்க்க, கடைசியில் வகுப்பாசிரியர் ஒப்புக்கொள்ளும் ஒழுங்கை அவசரத்திலும் குறுக்கவில்லை. கோப்பின் பெயரில் தரம், பாடம், அலகு, திருத்த எண் நான்கையும் எழுதியதால், பழைய பிரதியை அச்சிடும் குழப்பமும் இல்லாமல் போனது.

காசுப் பாடத்துக்குப் படம் வரைந்தவர்களையும் குரல் தந்தவர்களையும் தனியே சொல்லவேண்டும். இணையத்தில் எங்களுக்குக் கிடைத்த தமிழ்க் காணொளிகளில் இந்திய நாணயங்களே இருந்தன. எங்கள் பிள்ளைகள் கடையில் காண்பதோ இலங்கையின் 20, 50, 100 ரூபாய்த் தாள்கள்.

கருவிகளுக்கு வருகிறோம். பாடசாலைக்கு ஒரு ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி, டப்லெட்டுகளை அதோடு இணைக்க ஒரு ரவுட்டர், 10 டப்லெட். அந்தக் கணினியில், இணையம் இல்லாமலே இயங்கும் கொலிப்ரி மென்பொருளில் பாடங்கள் ஏற்றப்பட்டுள்ளன. காணொளிகளை விநாடிக்கு 1 மெகாபிட் அளவுக்குச் சுருக்கித் தந்தீர்கள்; 10 நிமிடப் பாடம் 75 மெகாபைட்டுக்குள் அடங்குகிறது, 10 டப்லெட்டும் ஒன்றாகப் பார்த்தாலும் திக்குவதில்லை.

மின்சார வேலை செய்து தந்த தம்பிமாரின் கவனம் பெரிது. ராஸ்பெரி பைக்கு 5.1 வோல்ற், 3 அம்பியர் சார்ஜர் வேண்டும். கைபேசிச் சார்ஜரும் மெல்லிய வயரும் போட்டால் மின்னழுத்தம் இறங்கிக் கருவி இடையில் நின்று எழும்பும். மெமரி காட்டில் உள்ள கோப்புகள் பழுதாகும். திடீர் மின்வெட்டும் அதையே செய்யும். அதனால் 12 வோல்ற் பற்றரியை இடையில் வைத்து, அதே உள்ளடக்கத்துடன் இன்னொரு மெமரி காட்டையும் அதிபரின் அலுமாரியில் வைத்தார்கள். டப்லெட் ஒன்றுக்கு 10 வாற்று என்றால் பத்துக்கும் 100 வாற்று. சிறிய சூரியத் தகடு அதைத் தாங்காது என்று ஐந்தைந்தாகச் சார்ஜ் போடப் பழக்கியதும் அவர்களே.

நேரலை வகுப்புக்கு இலங்கை நேரம் மாலை 7 மணியை ஒதுக்கிய லண்டன், ரொறன்ரோ ஆசிரியர்களுக்கும் நன்றி. தொழிலுக்குப் போன பிள்ளையின் தகப்பன் கைபேசியோடு வீடு திரும்பும் நேரம் அதுதான். மார்ச்சில் கோடைகால நேரத்துக்காக ரொறன்ரோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி இரண்டு மூன்று வாரம் கழித்தே லண்டன் தள்ளும். எனவே அட்டவணையை இலங்கை நேரத்திலேயே எழுதுவோம்.

தரம் 3 சுற்றாடல் தாள்கள் கையெழுத்தில் தயாராக உள்ளன. பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அலகு அலகாக அனுப்புகிறோம். புதிதாகத் தட்டச்சுக்கு வருபவர்கள் முதலில் ஓர் அலகை மெய்ப்புப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அன்புடன்,
துணுக்காய் வலயத்து ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்