மூன்று பேப்பரும் பார்த்தேன், பாப்பா

பாப்பா,

புதுக் காருக்காக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பேப்பரையும் பார்த்துவிட்டேன். சாதாரணக் கடன் ஒன்று, மாதாமாதம் குறைவாகக் கட்டிவிட்டுக் கடைசியில் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கட்டுகிற பலூன் இஎம்ஐ ஒன்று, உன் ஆபீஸ் மூலமாகக் காரை வாடகை மாதிரி எடுக்கிற லீஸ் ஒன்று. போனில் சொல்லலாம் என்றால் நடுவில் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்கிறான், மாப்பிள்ளை "இஎம்ஐ எதில் குறைவோ அதையே எடுத்துக்கலாமே அத்தை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதனால் எழுதியே அனுப்புகிறேன், ராத்திரி அவன் தூங்கினதும் இரண்டு பேருமாகப் படியுங்கள். பேங்கில் வண்டிக் கடன் சீட்டில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பலூன் வேண்டாம். லீஸ் மோசமில்லை, ஆனால் உன் நிலைமைக்குச் சரிப்படாது. சாதாரணக் கடனில் வாங்கு, முடிந்தால் இதைவிட ஒரு படி குறைந்த காராக. இனி ஏன் என்று சொல்கிறேன்.

ஷோரூமில் உட்கார்ந்ததும் அந்தப் பையன் கேட்கும் முதல் கேள்வியே "மாசம் எவ்வளவு கட்ட முடியும் மேடம்?" என்பதுதான். அதற்கு நீ ஒரு தொகை சொல்லிவிட்டால் போதும், அந்தத் தொகைக்குள் எந்தக் காரையும் அவனால் அடக்கிக் காட்டிவிட முடியும். வருஷத்தை நீட்டலாம், கடைசியில் ஒரு பெரிய தொகையைத் தள்ளி வைக்கலாம், வட்டியை ஃபிளாட் ரேட்டில், அதாவது கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி போடுகிற கணக்கில் சொல்லலாம். உன் முதல் பேப்பரில் ஓரத்தில் பேனாவால் "4.9%" என்று எழுதியிருக்கிறதே, அது ஃபிளாட். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்குக்கு மாற்றினால் 9 சதவீதம் வருகிறது. இரண்டும் ஒரே கடன்தான், சொல்லும்போது மட்டும் பாதியாகக் கேட்கிறது.

12 லட்சம் கடன், 9 சதவீதம், 60 மாதம். சாதாரணக் கடனில் மாதம் 24,910 ரூபாய். ஐந்து வருஷத்தில் வட்டியாக மட்டும் ஏறக்குறைய 2,94,600 போகும், அதோடு கடன் தீர்ந்தது. பலூனில் மாதம் 19,607தான், ஆனால் 60வது இஎம்ஐ கட்டி முடித்த பிறகும் 4 லட்சம் மொத்தமாகக் கட்ட வேண்டும். வட்டி 3,76,400 ஆகிறது. மாதம் 5,300 குறைந்ததற்கு விலை ஏறக்குறைய 82,000 ரூபாய். ஏன் கூடுகிறது என்றால், அந்த 4 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் ஐந்து வருஷமும் அதற்கு முழு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

மாப்பிள்ளை என்ன சொல்வார் என்று தெரியும். மிச்சமாகும் 5,300-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால் கடைசியில் அந்த 4 லட்சத்தைக் கட்டிவிடலாமே என்பார். 6.5 சதவீத வட்டி கிடைத்தாலும் 60 மாதத்தில் சுமார் 3,75,000தான் சேரும், வட்டிக்கு வருமான வரி வேறு. 25,000 பற்றாக்குறை, அதுவும் ஒரு மாதம்கூட விடாமல் போட்டால். குட்டிக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் அந்த ஆர்.டி. என்ன கதியாகும் என்று உனக்கே தெரியும்.

சரி, வட்டி கூடுதலைக்கூட விட்டுவிடு. எனக்கு உறுத்துவது வேறு. கார் என்றால் விலை இறங்கத்தான் செய்யும். ஐந்து வருஷம் கழித்து அது எவ்வளவுக்குப் போகும் என்று யாராலும் இன்றைக்குச் சொல்ல முடியாது, அப்படி எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கிவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் இந்த மூன்று பேப்பருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். லீஸில் அது லீஸ் கம்பெனி தலையில், நீ சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். சாதாரணக் கடனில் உன் தலையில்தான், ஆனால் அதற்குள் கடன் முடிந்திருக்கும், என்ன விலைக்குப் போனாலும் வருகிற பணம் உன்னுடையது. பலூனில் விலை இறக்கமும் உன் தலையில், 4 லட்சம் கடனும் உன் தலையில், இரண்டும் ஒரே மாதத்தில்.

"ஐந்து வருஷத்தில் இந்தக் கார் எப்படியும் ஆறு லட்சம் போகும்" என்று அந்தப் பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். எந்த தைரியத்தில் சொல்கிறானோ. 2025 செப்டம்பர் 22 அன்று சின்னக் கார்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது, பெரிய கார்களுக்கு செஸ் எல்லாம் போய் 40 என்று ஆனது. புதுக் காரின் விலை ஒரே நாளில் இறங்கினால் முந்தின வாரம் வாங்கின காருக்குப் பழைய விலையை யார் தருவார்கள்? 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது, மறைமலை நகர் தொழிற்சாலையும் மூடியது. அதன் பிறகு ஃபோர்டு வண்டியை விற்கப் போனால் ஸ்பேர் கிடைக்குமா, சர்வீஸ் இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று வந்த உத்தரவும் அப்படித்தான். வாங்கும்போது இதையெல்லாம் எந்த ஷோரூமும் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரியாது.

பலூன் திட்டங்களில் சிலர் ஐந்து வருஷம் கழித்து நாங்களே இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதித் தருகிறார்கள். அது இருந்தால் கதை வேறு, லீஸ் மாதிரி ஆகிவிடும். உன் பேப்பரை இரண்டு தடவை படித்தேன், அதில் அப்படி ஒரு வரியும் இல்லை. அப்படி ஒரு வரி இருந்தால்கூட, கிலோமீட்டர் வரம்பு, ஆக்ஸிடென்ட் ஆகியிருக்கக் கூடாது, எல்லா சர்வீஸும் கம்பெனி சென்டரிலேயே செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட வேண்டும்.

இன்னொன்று, இதை ஷோரூமில் யாரும் வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள். இன்ஷூரன்ஸ். கார் முழுசாக நாசமானால் கம்பெனி தருவது ஐடிவி தொகை, அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் அந்த வருஷ மதிப்பு வரைக்கும்தான். மூன்று வருஷம் தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம் கழிப்பது வழக்கமான கணக்கு. உன் காரின் எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது ரோடு டாக்ஸும் இன்ஷூரன்ஸும் சேராத விலை, 12.5 லட்சம் என்றால் நாலாவது வருஷம் ஐடிவி 7.5 லட்சம். அந்த நேரத்தில், அதாவது 36 இஎம்ஐ கட்டி முடித்தபோது, சாதாரணக் கடனில் பாக்கி 5,45,000 சொச்சம் இருக்கும். பலூனில் 7,63,000 சொச்சம். 2015-ல் சென்னையிலும் 2022 செப்டம்பரில் உங்கள் பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு பக்கத்திலும் கார்கள் தண்ணீரில் முங்கி நின்றதைப் பார்த்தோமே. அப்படி ஒன்று நடந்தால் சாதாரணக் கடன்காரி பாக்கியை அடைத்துவிட்டு இரண்டு லட்சத்தோடு அடுத்த காருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போவாள், பலூன்காரி காரும் இல்லாமல் கைக்காசும் போட்டுக் கடனை மூடுவாள். பில்லில் உள்ள விலையே கிடைக்கிற மாதிரி ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்று கூடுதல் பிரீமியத்தில் ஒரு கவர் உண்டு, ஆனால் அதை வண்டி புதிதாக இருக்கும் முதல் சில வருஷங்களுக்குத்தான் தருவார்கள்.

கடைசியில் 4 லட்சத்தைக் கட்ட முடியாவிட்டால் என்ன என்று கேட்டால், "ரீஃபைனான்ஸ் பண்ணிக்கலாம்" என்பார்கள். பண்ணலாம்தான், ஆனால் அப்போது அது பழைய கார், பழைய காருக்கு வட்டி கூடுதல். விற்றுவிடலாம் என்றால் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் ஏறியிருக்கும், கடனை மூடி, பாக்கி இல்லை என்று என்ஓசி வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை எடுத்தால்தான் வண்டி கை மாறும். கையில் பணம் இல்லாமல் விற்கப் போகிறவர்கள் அந்த அவசரத்திலேயே விலையில் அடிபட்டுப் போவார்கள். இதை சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

பலூன் யாருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஐந்தாவது வருஷம் முதிர்ச்சியாகிற டெபாசிட் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கும், சீசன் பார்த்துப் பெரிய பணம் வருகிற வியாபாரிக்கும் சரிப்படும். மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்த 60வது மாதமும் மற்ற மாதம் மாதிரித்தான் சம்பளம் வரும்.

இப்போது லீஸ். இதைத்தான் நீ சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், 36,000 என்ற தொகையைப் பார்த்ததும் பயந்து ஒதுக்கிவிட்டாய். அதில் இன்ஷூரன்ஸ், சர்வீஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் அடக்கம், முன்பணமும் இல்லை. சாதாரணக் கடனில் ரோடு டாக்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் என்று மூன்று லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போகும். அது மட்டுமல்ல, லீஸ் தொகை சம்பளத்தில் வரி கணக்கிடும் முன்பே பிடிக்கப்படுகிறது. நீ 30 சதவீத வரி அடுக்கில் இருப்பதால் செஸ்ஸும் சேர்த்து மாதம் 11,200 ரூபாய் அளவுக்கு வரி குறையும். ஆனால் கம்பெனி கார் வசதிக்காக உன் வருமானத்தில் ஒரு தொகை கூட்டுவார்கள், அதற்கான வரியை இந்த 11,200-லிருந்து கழித்துக்கொள். அந்தத் தொகை இன்ஜின் 1.6 லிட்டருக்குள்ளா மேலா என்பதைப் பொறுத்தது, இந்த வருஷக் கணக்கை உன் பேரோல் ஆட்களிடமே கேள். புது வரி முறையிலும் இந்தச் சலுகை நிற்கிறது. எல்லாம் போட்டுப் பார்த்தால் லீஸ் ஒன்றும் கொள்ளை இல்லை.

பின்னே ஏன் வேண்டாம் என்கிறேன்? தீபாவளிக்கு வந்தபோது இந்தக் கம்பெனியில் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது என்று அடுப்படியில் நின்று சொன்னது நீதானே. லீஸ் நாலு வருஷம். நடுவில் வேலையை விட்டால் புதுக் கம்பெனி அந்த லீஸை ஏற்க வேண்டும், இல்லையென்றால் மீதியைக் கட்டி நீயே காரை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அபராதம் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல வேலை கிடைத்தும் கார் லீஸுக்காக யோசித்துக்கொண்டு நிற்பாய், அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் திருப்பிக் கொடுக்கும்போது கீறல், நசுங்கல், சீட் கறை எல்லாவற்றுக்கும் காசு கேட்பார்கள். பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூஸ் டப்பாவும் கையுமாக.

லீஸ் காரின் இன்ஷூரன்ஸ் லீஸ் கம்பெனி பெயரில்தான் இருக்கும், அதனால் உன் பழைய ஆல்ட்டோவில் க்ளெய்மே இல்லாமல் சேர்த்து வைத்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸை அதில் போட முடியாது. சொந்தமாக வாங்கினால் போடலாம், பிரீமியத்தில் நல்ல தொகை குறையும்.

அதனால் சாதாரணக் கடன்தான். 24,910 கனமாக இருக்கிறது என்றால் அதற்கு வழி பலூன் இல்லை, கடனைக் குறைப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலூனில் வருகிற அதே 19,607 இஎம்ஐக்கு, அதே வட்டியில், அதே 60 மாதத்தில், சாதாரணக் கடனாக 9,44,500 வாங்கலாம். கடைசியில் ஒரு பைசா பாக்கி கிடையாது. அதாவது இரண்டரை லட்சம் குறைந்த வண்டி. அந்த சன்ரூஃப் இல்லாத வேரியன்ட் என்ன விலை என்று கேள், பெங்களூர் ட்ராஃபிக்கில் அதைத் திறந்து வைத்துப் புகையா குடிக்கப் போகிறீர்கள்? நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார் என்றால் ஜிஎஸ்டியே 18 சதவீதம்தான். எக்ஸ் ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் டிசிஎஸ் என்று விற்பவர் உன் பெயரில் முன்கூட்டியே வசூலிக்கும் ஒரு சதவீத வருமான வரியும் பிடிக்க மாட்டார்கள். இந்தக் காரையே எடுத்தால் அப்படிப் பிடிக்கிற 12,500-ஐ வருமான வரி ரிட்டர்ன் போடும்போது மறக்காமல் கழித்துக்கொள்.

கையெழுத்துப் போடும் முன் கீ ஃபாக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கேட்டு வாங்கு. 2024 அக்டோபரிலிருந்து கார் கடன் மாதிரி தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு அதைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எவ்வளவு வட்டி என்று அதில் ஏபிஆர் என்ற தலைப்பில் இருக்கும், அதை மட்டும் வைத்து இரண்டு பேங்கை ஒப்பிடு. வட்டி ஃபிக்ஸடா (கடைசி வரை மாறாதது), ஃப்ளோட்டிங்கா (நடுவில் ஏறி இறங்குவது) என்றும் கேள். 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் ஃப்ளோட்டிங் கடனைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது, ஃபிக்ஸடுக்கு அந்த விதி இல்லை. மாப்பிள்ளைக்கு போனஸ் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க நினைத்தால் இது முக்கியம். இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் முடியாது என்று சொல், வெளியில் விலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து நின்றாலே அவர்களே குறைப்பார்கள்.

ஆல்ட்டோவை ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பதற்குள் வெளியிலும் இரண்டு இடத்தில் விலை கேட்கச் சொல் மாப்பிள்ளையிடம். விற்றதும் பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நோ க்ளெய்ம் போனஸுக்குச் சான்று வாங்கிவிட வேண்டும், மூன்று வருஷத்துக்குள் பயன்படுத்தலாம். அதற்கு ஆர்.சி. நகலும் பாலிசியும் வேண்டும். பாலிசி இங்கே பீரோவில் இருக்கிறது, நாளைக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். புது பேப்பர் வந்ததும் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை குட்டி தூங்குகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடு.

அம்மா