நாய்க்குட்டிக்கு இன்சூரன்ஸ்: பிரீமியம் தொகையை மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் நம் நாளிதழின் இணைப்பில் செல்லப்பிராணி இன்சூரன்ஸ் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. என்னென்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லி, ஆண்டுக்குச் சில ஆயிரம்தான், யோசிக்காமல் எடுங்கள் என்கிற தொனியில் முடித்திருந்தீர்கள். எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் ஒரு லேப்ரடார் குட்டி வந்திருக்கிறது, மகள் அடம்பிடித்து வாங்கியது, அதனால் நானும் கணவரும் அதை ஒரு வரி விடாமல் படித்தோம், படித்த கையோடு இரண்டு மூன்று கம்பெனிகளின் பாலிசி விதிமுறைகளையும் இறக்கிப் பார்த்தோம். கட்டுரையில் இல்லாததெல்லாம் அங்கே இருந்தது.

முதலில் வயது. குட்டிக்கு நிஜமான கண்டம் ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரைதான். தாய் மூலமாக வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும், ஊசியின் பலன் இன்னும் முழுசாகப் பிடித்திருக்காது, அந்த இடைவெளியில் பார்வோ என்கிற வைரஸ் நோய் புகுந்துவிடும். வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு, நாள்கணக்கில் டிரிப்ஸ், அப்புறமும் பிழைக்குமா என்று சொல்ல முடியாது. சரி, பாலிசி எப்போது ஆரம்பிக்கிறது? கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. இரண்டு மாதத்தில் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு, மூன்று மாதம், ஆறு மாதம் ஆகட்டும் என்பவர்களும் உண்டு. சேர்ந்த பிறகும் நோய்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள், அது முடியும் வரை வரும் நோய்க்குப் பணம் கிடையாது. எந்த நேரத்தில் நமக்குப் பயம் அதிகமோ அந்த நேரத்தில் பாலிசி இன்னும் முழுசாகக் கண் திறக்கவில்லை என்பதைக் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

தடுப்பூசி போட்டுத் தடுத்திருக்கக்கூடிய நோய், போடாமல் விட்டதால் வந்தால் பணம் கிடையாது என்பது அடுத்த நிபந்தனை. இதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் போட்டதற்கு ஆதாரம் வேண்டும். ஒழுங்கான டாக்டர் என்றால் மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, மேலே தேதி போட்டு, கையெழுத்தும் பதிவு எண் உள்ள சீலும் வைப்பார். எங்கள் குட்டியை விற்றவர் கொடுத்த புத்தகத்தில் முதல் ஊசிக்கு நேராகப் பேனாவில் ஒரு டிக் மட்டும் இருந்தது. ஸ்டிக்கர் இல்லை, சீல் இல்லை. டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதைக் கணக்குலயே சேர்க்க வேண்டாங்க, முதல்ல இருந்து போட்டுக்கலாம்" என்றார். குட்டி வாங்குகிற எல்லாரும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை போட வேண்டிய ஊசி அது, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி தனி. இந்த ஊசிச் செலவை அடிப்படைப் பாலிசி எதுவும் தருவதாகத் தெரியவில்லை, அது நம் கையிலிருந்துதான்.

உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கு நாய் வளர்ப்பவர் வீட்டில் அது வராமல் போனால் அதிசயம். பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை, மூன்று நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, இடையிடையே டாக்டரிடம் போய்வருவது என்று புறநோயாளியாகவே முடிந்துவிடும். நாங்கள் பார்த்த பாலிசிகளில் புறநோயாளிச் செலவு அடிப்படையில் இல்லை, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். கம்பெனியிலிருந்து போனில் பேசிய பையனிடம் இதைக் கேட்டால் "அதெல்லாம் கவர் ஆயிரும் மேடம்" என்கிறான். எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது தம்பி என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது.

அப்புறம் பில். நம் ஊரில் பல டாக்டர்கள் சாயங்காலம் வீட்டிலேயே பார்க்கிறார்கள், நல்ல கைராசிக்காரர்கள், ஆனால் துண்டுச் சீட்டில் மருந்து எழுதிக் கொடுப்பார்கள், கொடுத்த பணத்துக்கு ரசீது என்று ஒன்று வராது. க்ளெய்முக்கு அச்சடித்த பில், மருத்துவரின் பதிவு எண், பரிசோதனை அறிக்கை எல்லாம் கேட்கிறார்கள். அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனாலோ செலவே சொற்பம், க்ளெய்ம் பண்ண ஒன்றும் இருக்காது. பொள்ளாச்சியில் இருக்கும் எங்களுக்கு உடுமலைக் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். சென்னைக்காரர்களுக்கு 1903-இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி இருக்கிறது, கூட்டத்தில் காத்திருக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு வசதி பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே இன்சூரன்ஸ் தேவையா என்ற கணக்கு மாறிவிடும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதுவில்லை இல்லையென்றால் க்ளெய்ம் இல்லை என்பது அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நாய்க்கு அந்த இடத்தில் மைக்ரோசிப், தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் உள்ள சின்ன சிப். இது உன் நாய்தான் என்று எப்படி நம்புவது என்பதுதான் கம்பெனியின் கேள்வி. சிப் போட்டிருந்தால் சில கம்பெனிகள் பிரீமியத்தில் கொஞ்சம் குறைக்கவும் செய்கின்றன. சென்னை மாநகராட்சி இப்போது உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களும் இன்சூரன்ஸ் எடுக்கும் எண்ணமிருந்தால் குட்டியிலேயே போட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு குறை சொல்வதால் இன்சூரன்ஸே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு விஷயங்களுக்கு அது பிரயோஜனம். ஒன்று, ஆபரேஷன். லேப்ரடார் எதையும் விழுங்கும், சாக்ஸ், மாங்கொட்டை, மட்டன் எலும்பு, கண்ணில் பட்டதெல்லாம். குடலில் மாட்டினால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், தனியார் மருத்துவமனையில் அது ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். ஆனால் இதே இனத்துக்கு அடிக்கடி வரும் இடுப்பு மூட்டுக் கோளாறைப் பரம்பரை நோய் என்று விலக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம் நாய் அடுத்தவரைக் கடித்தால் வரும் பொறுப்பு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். நாயைக் கவனக்குறைவாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்தத் தண்டனையை எந்தக் கம்பெனியும் ஏற்காது. கடிபட்டவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு மட்டும் மூன்றாம் நபர் பொறுப்பு என்ற பிரிவு உதவும். பெரிய இன நாய் வைத்திருப்பவர்கள் வேறெதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பது என் கட்சி. நாய் இறந்தால் இவ்வளவு, திருடு போனால் இவ்வளவு என்கிற பிரிவுகளில் எனக்கு அவ்வளவாக மனம் ஒட்டவில்லை. கண்காட்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் வளர்ப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

கடைசியில் நாங்கள் முடிவு செய்தது இது. ஊசிகள் முடியும் வரை பாலிசி இல்லை, அதுவரை குட்டியைத் தெருவிலோ மற்ற நாய்களிடமோ விடப் போவதில்லை. முடிந்ததும் ஆபரேஷன், ஆஸ்பத்திரி அனுமதி, மூன்றாம் நபர் பொறுப்பு, இந்த மூன்றுக்கு மட்டும் எடுப்போம். புறநோயாளிப் பிரிவுக்குக் கேட்கிற கூடுதல் பிரீமியத்தை போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் போடப் போகிறோம், நோய் வராவிட்டால் அது நம்மிடமே இருக்கும். என் நாத்தனார் வீட்டில் இருப்பது தெருவில் எடுத்த நாட்டு நாய். அவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், வருடா வருடம் ஊசி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், கையில் கொஞ்சம் பணம் போதும் என்றுதான் சொன்னேன். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் ஒன்று கேட்கிறேன். விளம்பரத்தைத் தமிழில் அடிக்கத் தெரிகிறது, எது எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்கிற பக்கத்தையும் தமிழில் கொடுங்கள். ஆசிரியர் அவர்களும் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தப் பக்கத்தையும் வாங்கிப் போட்டால் நன்றாக இருக்கும். க்ளெய்ம் மறுக்கப்பட்டால் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், அலுவலகத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொள்ளாச்சி