அந்த நாலு வருஷத்தைச் சொல்லலாமா?

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆடிக் கிருத்திகைக்கு உங்கள் தெருக் கோயிலில் நீ பேசப்போகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மனசு நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவள் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் போய்விட்டாள். மற்றதெல்லாம் நேரில் பேசலாம்.

குடித்துத் திரிந்த அந்த நாலு வருஷத்தை மேடையில் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். அதைத்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் காங்கேயநல்லூரில் வாரியார் சுவாமிகள் பேசும்போது நாம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? புராணத்துக்கு நடுவில் குழந்தைகளைப் பார்த்துத் திடீரென்று ஒரு கேள்வி கேட்பார். வீட்டில் நடக்கிற சங்கதி ஒன்றை இழுத்துவந்து வைப்பார். சூரபத்மன் கதை நம் தெருவில் நடப்பது மாதிரி ஆகிவிடும். 1993இல் அவர் மறைந்த பிறகு எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். கோயிலில் மட்டுமல்ல, நண்பர்கள் அழைத்து சர்ச் கூட்டத்துக்கும் போயிருக்கிறேன். அங்கே சொந்த அனுபவத்தைச் சொல்வதற்கு 'சாட்சி' என்று பேர். நல்ல வார்த்தை. கண்ணால் பார்த்ததைச் சொல்பவன்தானே சாட்சி!

ஒருமுறை அப்படி ஒருவர் சாட்சி சொன்னார். அவருடைய அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். எத்தனை சோப்பு போட்டாலும் சட்டையில் அந்த வாடை போகாதாம். பள்ளிக்கூட நண்பர்கள் பஸ்ஸில் ஏறியதும், பக்கத்தில் இருந்த அப்பாவை விட்டு எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாராம். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, இறங்கும்போது தன் பையனுக்கும் சேர்த்து டிக்கெட்டை நீட்டினார் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அதற்குப் பிறகு அவர் மன்னிப்பைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வரியும் எனக்குள் இறங்கியது. நானும் என் அப்பாவிடம் அப்படி நடந்திருக்கிறேன், சேகர்.

நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பிறந்த கதையும் இப்படித்தான். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் இளம்பெண்ணாக இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினார்கள். இவர் படித்த டாக்டர் இல்லை. டாக்டரான தன் அப்பாவை அனுப்புகிறேன் என்றார். ஆண் டாக்டர் கூடாது என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிறகு அமெரிக்கா போய் 1899இல் மருத்துவம் முடித்து, 1900இல் திரும்பி வந்தார். நான் யோசித்துப் பார்க்கிறேன்: இந்தக் கதையில் அவர் யாரையும் காப்பாற்றவில்லை. 'என்னால் முடியாமல் போன ராத்திரி' என்றுதான் அது நிற்கிறது. அதனால்தான் நூறு வருஷம் தாண்டியும் வேலூரில் யார் சொன்னாலும் கேட்கிறோம்.

நம் அருணகிரிநாதரை எடுத்துக்கொள். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கினான் என்கிறோம். ஆனால் திருப்புகழில் எத்தனை இடங்களில் தன் கேட்டைத் தானே சொல்லி அழுகிறார்! அதனால் உன் நாலு வருஷத்தைச் சொல். தறியில் உட்கார முடியாமல் கை நடுங்கியதைச் சொல். ஜெயித்ததை மட்டும் நீட்டிச் சொன்னால் கேட்பவர்கள் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், முருகனைப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் சூடுபட்டவன். என் தம்பி கடன் தொல்லையில் வீட்டை விட்டுப் போயிருந்த சமயம், ஒரு பேச்சாளரிடம் மனசு விட்டு அழுதேன். அடுத்த வாரமே மேடையில், "நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில்" என்று ஆரம்பித்தார். பேர் சொல்லவில்லை. ஆனால் இரண்டு அண்ணன் தம்பி, சைக்கிள் கடை என்றால் எங்கள் தெருவில் வேறு யார்? கூட்டம் உச்சுக்கொட்டியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். அந்தக் கோயிலுக்கு அப்புறம் அவள் போகவே இல்லை.

உன் கதையில் உன் மனைவியும் இருக்கிறாள், எனக்குத் தங்கச்சி மாதிரி. தாலிச் செயினை அடகு வைத்தது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செய்யாறுக்கு அம்மா வீட்டுக்குப் போனது எல்லாம் அவள் பட்ட பாடு. நீ எழுதி வைத்திருப்பதை முதலில் அவளுக்குப் படித்துக் காட்டு. எதை வேண்டாம் என்கிறாளோ அதை எடுத்துவிடு, ஏன் என்று கேட்காதே. பிள்ளைகளும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், அதையும் நினைத்துக்கொள்.

கிருத்திகைக்கு முதல் நாள் சாயங்காலமே ஆரணி பஸ் ஏறிவிடுகிறேன். தங்கச்சி என்ன சொன்னாள் என்று அதற்கு முன்னால் ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் மணி